ஐந்து வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்: ஒரு சீழ்க்கொப்புள சொரியாசிஸ் நிகழ்வு ஆய்வு

நோயாளி ஒரு பெண், வயது 34. தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தபோது போர்வையைத் தொட யாரையும் விடவில்லை, துணி உரசினாலே தீப்பட்ட மாதிரி எரிகிறது என்றார். மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தால் கழுத்திலிருந்து தொடை வரை செக்கச்செவேல் என்று சிவந்த தோல், அதன்மேல் ஊசிமுனை ஊசிமுனையாக ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கொப்புளங்கள். அக்குளிலும் மார்புக்குக் கீழும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, சீழ் சின்னச் சின்னக் குட்டையாகத் தேங்கி நின்றது. காய்ச்சல் 39.6 டிகிரி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128, ரத்தத்தில் வெள்ளணுக்கள் 22,000க்கு மேல், அதில் பத்தில் ஒன்பது பங்கு நியூட்ரோஃபில் என்ற வகை.

இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோய் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

முதல் இரண்டு நாள் நாங்கள் செய்தது தவறு. சீழ், காய்ச்சல், எகிறிய வெள்ளணுக்கள் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் எந்த அவசரப் பிரிவும் நினைப்பதைத்தான் நாங்களும் நினைத்தோம்: கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ட்ரிப்பில் இரண்டு ஆன்டிபயாட்டிக் ஓடியது. உயிருக்கு ஆபத்தான செப்சிஸை விட்டுவிடக் கூடாது என்பதால் தொடங்கியதில் தப்பில்லை, ஆனால் அதே நேரத்தில் கொப்புளத்தையும் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை ஒரு கொப்புளத்தை ஊசியால் லேசாகக் கீறி, வந்த துளிச் சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தபோது நுண்ணோக்கியின் கீழ் நியூட்ரோஃபில் கூட்டம் கூட்டமாக இருந்தது, கிருமி ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் கல்ச்சர் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. சீழிலும் எதுவும் வளரவில்லை, ரத்தத்திலும் எதுவும் வளரவில்லை. கிருமியே இல்லாத சீழ்.

சீழ் என்றாலே கிருமி என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அவற்றை யார் கூப்பிட்டார்கள் என்பது வேறு கேள்வி. கிருமி கூப்பிட்டிருக்கலாம், தோலே தப்பாகக் கூப்பிட்டிருக்கலாம்.

முன்கதை

அவருடைய அம்மாவிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான் கதை விரிந்தது. சின்ன வயதில் இரண்டு தடவை இப்படிக் காய்ச்சலும் கொப்புளமுமாக வந்து, தோல் உரிந்து, தானாக அடங்கியிருக்கிறது. இரண்டு முறையும் தோலில் கிருமித்தொற்று என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 27 வயதில், மகள் வயிற்றில் இருந்த ஏழாவது மாதத்தில் மறுபடியும் வந்தது, அப்போது கர்ப்பத்தில் வரும் அலர்ஜி என்றார்கள். பிரசவத்துக்குப் பின் போய்விட்டது. இந்த முறை வருவதற்கு ஆறு வாரம் முன்னால் கைகளில் சிவப்புத் தடிப்பு வந்திருக்கிறது, ஒரு மருத்துவமனையில் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். தடிப்பு இரண்டே நாளில் மறைந்துவிட்டது. மாத்திரை தீர்ந்ததும் அவரே நிறுத்திவிட்டார், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்திய ஒன்பதாவது நாள் காய்ச்சல்.

நாலு முறை வந்தது, மூன்று வேறு வேறு பெயர். ஒரே நோய்.

அப்புறம் நாக்கு. வாயைத் திறக்கச் சொன்னபோது நாக்கின் மேல் வெள்ளைக் கரை போட்ட சிவப்புத் தீவுகள், வரைபடம் வரைந்தது மாதிரி. “இது சின்ன வயசிலிருந்தே இருக்கு டாக்டர், வலிக்காது, அண்ணனுக்கும் இதே மாதிரி இருக்கும்” என்றார். அந்தக் கடைசி நாலு வார்த்தையை அன்று கேஸ் ஷீட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அப்பாவும் அம்மாவும் உறவில் மணந்தவர்கள் என்பதையும் அதற்குப் பக்கத்தில் எழுதினேன்.

இரண்டு நோய்களைத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. சில மருந்துகள், குறிப்பாகச் சில ஆன்டிபயாட்டிக்குகள், சாப்பிட்ட ஓரிரு நாளில் உடம்பெங்கும் இதே மாதிரிக் கொப்புளத்தைக் கிளப்பிவிடும், மருந்தை நிறுத்தினால் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அது வாழ்நாளில் நாலு முறை, நாலு வேறு சந்தர்ப்பத்தில் வராது. பயாப்ஸியில் மேல்தோலின் செல்களுக்கு இடையே பஞ்சுத் துளைகள் மாதிரி நியூட்ரோஃபில் நிரம்பியிருந்தது. ரத்தத்தில் கால்சியமும் அல்புமினும் இறங்கியிருந்தன. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்டின: ஜெனரலைஸ்டு பஸ்டுலர் சொரியாசிஸ், அதாவது உடம்பெங்கும் பரவும் சீழ்க்கொப்புள சொரியாசிஸ், சுருக்கமாக ஜிபிபி.

பெயரில் சொரியாசிஸ் இருப்பதால் வரும் குழப்பம்

இந்தப் பெயர் எத்தனை பேரைத் தப்பான சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. சாதாரண சொரியாசிஸ் என்றால் முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதில் படிந்த திட்டுகள். அது பரவலான நோய், பல வருடம் மெதுவாக ஓடும். ஜிபிபி அப்படியல்ல. சில மணி நேரத்தில் கொதித்தெழும், கல்லீரலையும் நுரையீரலையும் இதயத்தையும் தொடும், உயிரையும் எடுக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், சிலருக்குத் திட்டு வகை வாழ்நாளில் வந்ததே இருக்காது. வெறும் கண்ணால் பார்த்து, ஒன்று லேசானது மற்றது கடுமையானது, ஆனால் குடும்பம் ஒன்றுதான் என்று நூறு வருடம் ஓட்டியாயிற்று.

லியோ ஃபோன் சும்புஷ் என்ற தோல் மருத்துவர் 1910இல் இதை விவரித்தபோது அவர் எழுதியதே உடன்பிறந்த இருவரைப் பற்றி. முதல் விவரிப்பிலேயே குடும்பத்தில் ஓடுகிறது என்ற துப்பு இருந்திருக்கிறது! அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மரபணுவுக்குப் போய்ச் சேர 101 வருடம் ஆனது.

அதற்குக் காரணம் உண்டு. பரவலான தோல் நோய்களில் மரபணு தனியாக நின்று எதையும் செய்வதில்லை. திட்டு சொரியாசிஸை எடுத்துக்கொண்டால், ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ-சி மரபணுவின் 06:02 என்ற வடிவம்தான் பெரிய பங்காளி. ஆனால் அது இருக்கும் பெரும்பாலானோருக்கு சொரியாசிஸ் வருவதே இல்லை. அதற்கு வெளியே, நோய் வாய்ப்பைத் துளித்துளியாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் இடங்கள் மரபணுத்தொகுப்பில் நூறுக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. ஆக, ஒரு ஆளின் டிஎன்ஏவைப் படித்து உனக்கு சொரியாசிஸ் வரும், வராது என்று சோசியம் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்த நூறு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இன்டர்லூகின்-23 என்ற செய்தியைத் தயாரிக்கும் மரபணு, அதை வாங்கும் ஏற்பியின் மரபணு, வாங்கிய செய்தியை செல்லுக்குள் கடத்தும் டிஒய்கே2 என்ற நொதியின் மரபணு என்று ஒரே பாதையில் இருப்பவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். இன்டர்லூகின்-23ஐயும் அது தூண்டிவிடும் இன்டர்லூகின்-17ஐயும் அடைக்கும் ஊசிகள் திட்டு சொரியாசிஸில் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பது இந்த வரிசையைப் பார்த்தால் புரியும். டிஒய்கே2ஐ அடக்கும் டியூக்ராவாசிட்டினிப் மாத்திரை 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நொதி இயல்பிலேயே மந்தமாக இருக்கும் மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு சொரியாசிஸ் குறைவாக வருகிறது என்பது அதற்கு முன்பே தெரியும். இயற்கை முன்கூட்டியே செய்து காட்டிய பரிசோதனை அது. அதே மாற்றம் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று வரும் இரண்டு பிரதியிலும் இருப்பவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தெரிய வந்திருக்கிறது. ஒரு பக்கம் காப்பது இன்னொரு பக்கம் விலை கேட்கிறது, மரபியல் இரண்டையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது.

சரி, ஜிபிபிக்கு வருவோம்.

ஒன்பது குடும்பங்கள்

2011இல் துனீசியாவைச் சேர்ந்த ஒன்பது குடும்பங்களை ஆராய்ந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மேல் ஜிபிபி. உறவுக்குள் மணந்த குடும்பங்களில் பிள்ளைகளுக்கு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே மூதாதையரின் டிஎன்ஏ துண்டு வந்து சேர்ந்திருக்கும், அப்படி இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் பகுதிகளை நோயுள்ளவர்களிடம் மட்டும் தேடிக்கொண்டே போனால் தேடும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். சுருங்கிச் சுருங்கி இரண்டாவது குரோமோசோமில் ஐஎல்36ஆர்என் என்ற சின்ன மரபணுவில் வந்து நின்றது. 155 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. அதில் 27ஆவது இடத்தில் லூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின். அதே ஆண்டு, உறவில்லாத ஐந்து நோயாளிகளின் எக்ஸோமை, அதாவது புரதம் செய்யும் பகுதிகளை மட்டும், முழுதாகப் படித்த இன்னொரு குழுவும் வேறு வழியில் வந்து அதே மரபணுவின் வாசலில் நின்றது. இரண்டு தனித்தனிக் குழு, இரண்டு தனித்தனி முறை, ஒரே விடை. அந்த நேரத்தில் இந்தத் துறையில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது? மேல்தோல் செல்களின் சுவரில் இன்டர்லூகின்-36 என்ற செய்திக்கான ஏற்பி இருக்கிறது. அதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்லூகின்-36 வந்து நுழைந்தால் பூட்டு திறந்து அழற்சிக்கான அழைப்பு கிளம்பும். ஐஎல்36ஆர்என் உண்டாக்கும் புரதம் ஒரு பொய்ச்சாவி. துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் திறக்காது. அது உட்கார்ந்திருக்கும் வரை நிஜச் சாவிக்கு இடமில்லை. பொய்ச்சாவி பழுதானவர்களுக்கு அந்தத் துவாரம் எப்போதும் திறந்தே கிடக்கிறது.

இதோடு நின்றிருந்தால் லேசான அழற்சியாகப் போயிருக்கும். விஷயம் அதன் பிறகு சுழலாக மாறுகிறது. அழைப்பு கிளம்பியதும் தோல் செல்கள் நியூட்ரோஃபிலைக் கூப்பிடும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. ஓடிவந்த நியூட்ரோஃபில்கள் தங்கள் பைகளிலிருந்து புரதத்தை வெட்டும் நொதிகளை வெளியே விடுகின்றன. இன்டர்லூகின்-36 தயாராகும்போது கூர்மை இல்லாத சாவியாகத்தான் தயாராகிறது, இந்த நொதிகள் அதன் நுனியை வெட்டினால்தான் அது கூர்மையாகிறது. ஆக, வந்தவர்களே அடுத்தவர்களைக் கூப்பிடும் சாவியைத் தீட்டிக்கொடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் உடம்பு முழுவதும் கிருமியில்லாத சீழ் நிரம்புவது இப்படித்தான்.

2011க்குப் பிறகு ஜிபிபியோடு சேர்த்துக் கண்டுபிடிக்கப்பட்ட மற்ற மரபணுக்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கார்டு14 என்பது மிகையாக வேலை செய்தால் இன்டர்லூகின்-36 கூடுதலாக உற்பத்தியாகும். ஏபி1எஸ்3 பழுதானால் தோல் செல்லின் துப்புரவு வேலை கெட்டு அதே பாதை சூடாகும். செர்பினா3 என்பது நியூட்ரோஃபிலின் வெட்டும் நொதிகளில் ஒன்றை அடக்கும் புரதம், அது குறைந்தால் வெட்டு கூடும். நியூட்ரோஃபிலுக்குள்ளேயே இருக்கும் எம்பிஓ குறைந்தாலும் அந்த நொதிகளின் வீரியம் கூடுகிறது. எல்லாமே மேலே சொன்ன அதே சுழலில் ஏதோ ஒரு புள்ளியில்தான் வந்து விழுகின்றன.

இது திட்டு சொரியாசிஸின் பாதை இல்லை. இரண்டும் சில இடங்களில் தொட்டுக்கொள்கின்றன, ஆனால் அடிப்படை வேறு. ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வில், திட்டு வகை இல்லாமல் ஜிபிபி மட்டும் இருந்த 11 பேரில் 9 பேருக்கு ஐஎல்36ஆர்என் பழுது இருந்தது, இரண்டும் சேர்ந்து இருந்த 20 பேரில் 2 பேருக்குத்தான் இருந்தது. நூறு வருடம் ஒரே பெயரில் இருந்ததை இந்த இரண்டு எண்கள் பிரித்துவைத்தன.

மருந்து

துவாரம் திறந்து கிடப்பதுதான் பிரச்சனை என்றால் துவாரத்தையே அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்விதான் ஸ்பெசோலிமாப். இன்டர்லூகின்-36 ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடி. ஆனால் நோயெதிர்ப்புப் பாதை ஒன்றை முழுதாக அடைப்பதென்றால் எவருக்கும் பயம் வரும். இங்கேயும் மரபியல்தான் தைரியம் கொடுத்தது: இந்த ஏற்பியின் மரபணு பிறவியிலேயே இரண்டு பிரதியிலும் செயலிழந்த மனிதர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள், நோயெதிர்ப்பில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. 2017இல் வெளியான ஆய்வு இது.

2019இல் 7 நோயாளிகளுக்கு ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் 5 பேருக்குத் தோல் கிட்டத்தட்டச் சுத்தம், நாலாவது வாரத்துக்குள் ஏழு பேருக்கும். பிறகு நடந்த பெரிய ஆய்வில் 53 பேர், 35 பேருக்கு மருந்து, 18 பேருக்கு வெற்று ஊசி. ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் ஒன்றுகூட இல்லாதவர்கள் மருந்துப் பிரிவில் 54 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 6 சதவீதம். முதல் வாரத்தில் தொற்றுகள் மருந்துப் பிரிவில் 17 சதவீதம், மற்றதில் 6 சதவீதம், கடுமையான மருந்து ஒவ்வாமை என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். இதையும் நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஐஎல்36ஆர்என் பழுது இருந்தவர்களுக்கும் வேலை செய்தது, இல்லாதவர்களுக்கும் வேலை செய்தது. சுழல் எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் சரி, அந்த ஏற்பி வழியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் இந்த மரபணுவில் பழுது கண்டுபிடிக்க முடிகிறது. மற்ற முக்கால்வாசிப் பேருக்கும் பயன்படும் மருந்தை அந்தச் சிறுபான்மையினர்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழுது உள்ளவர்களுக்கு மட்டும்தான் மரபணு ஆய்வால் பயன் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாளே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி சைக்ளோஸ்போரின் தொடங்கினோம், அது வேகமாக வேலை செய்யும் பழைய மருந்து. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, கொப்புளம் ஒரு பக்கம் காய மறுபக்கம் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. அசிட்ரெட்டின் மாத்திரை இன்னொரு வழி, ஆனால் நிறுத்தி மூன்று வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது, அவர் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்திருந்தார், அதனால் அதைத் தொடவில்லை. காசநோய்க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதனை செய்து தெளிவான பிறகு, ஆறாம் நாள் ஸ்பெசோலிமாப் 900 மில்லிகிராம், ஒன்றரை மணி நேரம் ட்ரிப்பில்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனபோது காய்ச்சல் இல்லை. அதை மட்டும் வைத்து நான் சந்தோஷப்படவில்லை. முந்தின நாள் அவர் முன்கையில் பேனாவால் ஒரு சதுரம் வரைந்து உள்ளே இருந்த கொப்புளங்களை எண்ணி வைத்திருந்தேன், 41. அன்று எண்ணினால் 38, எல்லாமே காய்ந்தவை, புதிதாக ஒன்றுகூட இல்லை. அதற்கு மறுநாள் சதுரத்துக்குள் வெறும் பொருக்கு. அவர் போர்வையைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் தோல் காய்ந்த இலை மாதிரி உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. இரண்டாவது டோஸ் தேவைப்படவில்லை.

ரிப்போர்ட்

நாலாம் நாள் எடுத்த ரத்தத்தின் மரபணுப் பரிசோதனை முடிவு ஐந்து வாரம் கழித்து வந்தது. ஐஎல்36ஆர்என் மரபணுவில், இரண்டு பிரதியிலும் 338ஆவது எழுத்து சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அதனால் புரதத்தின் 113ஆவது இடத்தில் செரினுக்குப் பதிலாக லூசின். ஏற்கெனவே பல நோயாளிகளிடம் பதிவான மாற்றம்தான்.

ரிப்போர்ட் வந்தபோது அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். அப்படியென்றால் அந்தப் பரிசோதனை எதற்கு என்று என்னோடு வேலை செய்யும் இளம் மருத்துவர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆறாம் நாள் நாங்கள் மருந்தைத் தேர்ந்தெடுத்தது அவருடைய மரபணுவைப் பார்த்து இல்லை. அவருக்கு முன்பின் தெரியாத ஒன்பது குடும்பங்கள் எப்போதோ கொடுத்த ரத்தத்தை வைத்துத்தான் அந்த மருந்து அன்றைக்கு அங்கே இருந்தது. சிக்கலான தோல் நோய்களில் மரபியல் பெரும்பாலும் இப்படித்தான் உதவுகிறது: ஒருவருடைய டிஎன்ஏ இன்னொருவருக்கு மருந்தாகிறது. நோயாளியின் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கு வேறு வேலை, அது அடுத்த பத்து இருபது வருடத்துக்கானது.

அவருடைய விஷயத்தில் அது மூன்று இடத்தில் உதவியது. முதலாவது, பழைய பெயர்களை எல்லாம் கோப்பிலிருந்து அடித்துவிட்டு ஒரே பெயர் எழுத முடிந்தது. இனி காய்ச்சலும் கொப்புளமுமாக எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் இரண்டு நாள் வீணாகாது. இரண்டாவது, இரண்டு பிரதியும் பழுது என்பதால் மறுபடி வரும் வாய்ப்பு கணிசம் என்று தெரிந்து, நாலு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 300 மில்லிகிராம் ஊசி தொடங்கினோம். 123 பேரை வைத்து நடந்த தடுப்பு ஆய்வில், அதிக டோஸ் பெற்றவர்களில் 48 வாரத்துக்குள் நோய் கிளம்பியது 10 சதவீதத்தினருக்கு, வெற்று ஊசி பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கு. மூன்றாவது, குடும்பம். அதுதான் சிக்கலானது.

“என் பொண்ணுக்கும் வருமா டாக்டர்?” இதைக் கேட்கத்தான் அவர் அன்றைக்கு வந்தார் என்று நினைக்கிறேன், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியும் பிரித்துப் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு பிரதியும் பழுது என்பதால் மகளுக்கு ஒரு பழுதுப் பிரதி கட்டாயம் போயிருக்கும். இன்னொன்று அப்பாவிடமிருந்து வருகிறது, அது நன்றாக இருந்தால் பொதுவாகப் பொய்ச்சாவி போதுமான அளவு தயாராகிவிடும். கணவரின் ரத்தத்தைப் பார்த்தோம், அவருக்கு இரண்டு பிரதியும் நன்றாக இருந்தன. அந்த விடையை அவரிடம் சொன்ன பிறகுதான் ரிப்போர்ட்டைப் பிரித்தார். இன்னொரு குழந்தையைப் பற்றியும் அன்றே பேசினோம், குழந்தைக்கு நோய் வருவதைவிட அவருடைய கர்ப்ப காலம்தான் கவலைக்குரியது, முந்தின முறை ஏழாவது மாதத்தில் வந்தது அலர்ஜி இல்லை என்று இப்போது தெரியும்.

அண்ணன் தானாகவே வந்தார், வயது 41. நாக்கை நீட்டினார், அதே தீவுகள். ஐஎல்36ஆர்என் பழுது உள்ளவர்களிடம் இந்த நாக்கு அடிக்கடி காணப்படுவது பதிவாகியிருக்கிறது. பரிசோதனையில் அவருக்கும் இரண்டு பிரதியும் பழுது, தங்கைக்கு இருக்கும் அதே எழுத்து. வாழ்நாளில் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

இதை எப்படி விளக்குவது? ஒரே பழுது, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒருவர் நாலு முறை படுக்கையில், மற்றவருக்கு நாக்கில் வரைபடம் மட்டும். அந்தச் சுழலில் மற்ற புள்ளிகளில் இருக்கும் மரபணுக்கள் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். பொறி விழாமலே இருந்திருக்கலாம். அவர் கர்ப்பம் தரிக்கவில்லை, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியதில்லை, பெரிய தொற்று வந்ததில்லை. ஒற்றை மரபணு நோய் என்று எழுதிவைத்திருக்கும் இடத்தில்கூட இவ்வளவு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

நலமாக இருக்கும் ஒருவருக்கு மாதாமாதம் ஊசி போட முடியாது, போடவும் கூடாது. அவருக்குச் செய்தது ஒன்றுதான். ஒரு அட்டை எழுதிக்கொடுத்தோம். வாயால் சாப்பிடும் ஸ்டீராய்டையோ ஸ்டீராய்டு ஊசியையோ வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று முதல் வரி. காய்ச்சலோடு சீழ்க்கொப்புளம் வந்தால் கல்ச்சர் எடுங்கள், அதே நாளில் தோல் மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்று இரண்டாவது வரி. மரபணுவின் பெயரும் மாற்றத்தின் எண்ணும் மூன்றாவது வரி.

இந்த ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோல் நோய்களுக்கான பெரிய மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்தவை, அடுத்தபடியாகக் கிழக்கு ஆசியாவில். துனீசியக் குடும்பங்களில் ஒரு மாற்றம், ஐரோப்பியரிடம் வேறொன்று, ஜப்பானிலும் சீனாவிலும் இன்னொன்று என்று ஐஎல்36ஆர்என் ஒன்றிலேயே இவ்வளவு வேறுபாடு. கருந்தோலில் இந்தச் சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும், பாடப்புத்தகப் படங்களில் அது அரிது. யாரிடம் தேடினார்களோ அவர்களிடம்தான் கிடைத்திருக்கிறது. தேடாத மக்களிடம் இன்னும் என்னென்ன பாதைகள் காத்திருக்கின்றன என்பதை நினைத்தால், நோயாளிகளிடம் ஆய்வுக்கு ரத்தம் கேட்பதற்கு எனக்கு ஒரு தயக்கமும் வருவதில்லை. அவரிடமும் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணனையும் போடச் சொன்னார்.

இதை எழுதும்போது மருந்து தொடங்கி பதினான்கு மாதம் ஆகிறது. இடையில் ஒரு முறை தொண்டைத் தொற்று வந்து, முழங்கை மடிப்பில் பத்துப் பன்னிரண்டு கொப்புளம் தலைகாட்டி மூன்று நாளில் அடங்கியது. அடுத்த ஊசிக்கு வரும்போது மகளையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார், மகளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. மகளுக்குப் பரிசோதனை எதுவும் செய்யப்போவதில்லை, நாக்கை மட்டும் பார்ப்பேன்.